கோட்டின் அகலம்

பகாவ் விவசாய அலுவலகத்தின் மாடியறையில்
ஒன்பது நாற்காலிகள், எட்டுப் பேர்.
ஒன்பதாமவர் ஏறிய ரயில்
கெமாஸைத் தாண்டவில்லையாம்.
நான் குறிப்பெடுப்பவள்.
வருகைப் பட்டியலில் என் பெயர் கடைசி வரி,
'உடனிருந்தவர்' என்ற தலைப்பின் கீழ்.

தேசிய மண் ஆய்வுக்கான ஆலோசனைக் குழு இது.
ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது.
ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர்
இதை நினைவூட்டுகிறார்,
பெரும்பாலும் தேநீருக்குச் சற்று முன்பு.

இன்றைய வழக்கு
தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒரு மண், மேற்கே ஒரு மண்.
அறுபத்தெட்டில் கிழக்கைத் துளைத்தவர் ஒருவர்,
எழுபத்தொன்றில் மேற்கைத் துளைத்தவர் வேறொருவர்.
இருவரும் சந்தித்துக்கொண்டதே இல்லை.
ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் போனார்கள்.
அன்றிலிருந்து ஒரே தோட்டத்தில்
முதல் டிவிஷன் செம்பனைக்கு ஓர் உரக்கணக்கு,
இரண்டாம் டிவிஷனுக்கு வேறு.

"ஒன்றாக்கிவிடலாம்" என்றார்
உரக் கம்பெனியின் லிம் சூன் கியாட்.
"பழைய பதிவேடுகளை என்ன செய்வது?"
என்சிக் ரொஸ்லான் கேட்டார்,
அவற்றைப் பூச்சி அரிக்காமல் காப்பவர்.
சிறுதோட்டக்காரர் சார்பில் வந்த ஞானசௌந்தரி
பேனா மூடியைக் கடித்தபடி,
"படம் யாருக்கு?" என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
எங்கள் படிவத்தில் தீர்மானத்துக்குக் கட்டம் உண்டு,
பொறுப்பாளருக்கு உண்டு, கெடு தேதிக்கு உண்டு.
கேள்வியை ஓரத்தில்தான் எழுதினேன்.

பிற்பகல் குழிகளுக்குப் போனோம்.
யூனுஸ் தனியாளாய் வெட்டிய இரண்டு,
சுவர்கள் கேக் அறுத்ததுபோல்.
நிற அட்டையைச் சுவரில் ஒட்டிவைத்து
மஞ்சள் கலந்த பழுப்பா, பழுப்பு கலந்த மஞ்சளா என்று
இருபது நிமிடம்.
டாக்டர் நோர்ஹயாத்தி ஒரு கிள்ளு எடுத்து
முன்பற்களுக்கிடையே நறநறத்துப் பார்த்தார்.
வண்டல் குறைவு என்று துப்பினார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"நீங்களும் உருட்டிப் பாருங்கள்."

பதினொரு ஆண்டுகளாக
களிமண் விழுக்காட்டைத் தட்டச்சு செய்கிறேன்.
உள்ளங்கையில் வைத்தது அன்றுதான்.
ஈரப்படுத்தி விரலிடுக்கில் தள்ள
கிழக்கு மண் நாடாவாய் நீண்டு அறுந்தது.
மேற்கும் நீண்டது.
அறுந்த இடத்தில் ஏதோ ஒரு சொரசொரப்பு,
அல்லது என் விரலில் கோப்புகள் கீறிய காயம்.
"தெரியவில்லை" என்றேன்.
அவர் தலையசைத்ததைப் பார்த்தால்
அதுவும் ஓர் அளவீடு போலிருந்தது.

வரைபடத்தில் பென்சில் கோடு அரை மில்லிமீட்டர்.
தரையில் அது இருபத்தைந்து மீட்டர்.
திரும்பும் வழியில் கணக்குப் பார்த்தேன்.
அந்தக் கோட்டின் தடிமனுக்குள்
ஒரு டயர் கடை இருக்கிறது,
சவப்பெட்டிக் கடையின் பின்கட்டு,
தமிழ்ப் பள்ளித் திடலின் ஒரு கோல்கம்பம்,
லெட்சுமணன் சட்டவிரோதமாய்ப் போட்ட மரவள்ளி.
இவர்கள் எந்த மண்ணில் இருக்கிறார்கள் என்று
எந்தப் படமும் சொல்லாது.

தீர்மானம் ஆறு:
பெயர்கள் இரண்டும் இப்போதைக்கு இருக்கட்டும்.
இடையே உள்ள கோட்டைப் புள்ளிக்கோடாக்கப்
பரிந்துரைக்கப்படுகிறது.
குழியை மூடுவது யார் என்பது பற்றிப்
பரிந்துரை இல்லை.

ஐந்து மணிக்கு, நல்ல மழையில்,
ஒன்பதாமவர் வந்து இறங்கினார்.
மற்றவர்கள் கையெழுத்திட்டுக் கிளம்பிவிட்டிருந்தார்கள்.
கிழக்குக் குழியை யூனுஸ் மூடியிருந்தான்.
மேற்கில் முழங்கால் அளவு தண்ணீர்.
குடையை என்னிடம் கொடுத்துவிட்டு
ஏணியில் இறங்கி, கலங்கலில் கையை விட்டுத் துழாவி
நெடுநேரம் நின்றார்.
"இது மூன்றாவது" என்றார்.

நாளை காலை எட்டுக்குள் குறிப்பு போயாக வேண்டும்.
ஆறாம் தீர்மானத்துக்குக் கீழே
கர்சர் மினுங்குகிறது.
விசைப்பலகையில் ஏழாம் எண்மேல்
மஞ்சளா பழுப்பா என்று சொல்ல முடியாத
ஒரு விரல்தடம்.